மூன்று மூலைப் பொட்டு

கொல்லிமலைக்குக் காரில் வருகிறவர்கள் யாரும் தெளிந்த தலையோடு வந்து சேர்வதில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்து, அருவிக்குப் பக்கத்தில் உள்ள பார்க்கிங்கில் கதவைத் திறக்கும்போது பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக ஓடுவார்கள். மீதிப் பேர் காரணமே இல்லாமல் சிரிப்பார்கள். இந்த இரண்டு வகையினரிடமும் கட்டணம் வாங்க வேண்டும். ரொக்கமாக வாங்கிய வரைக்கும் அது சிரமமில்லை. தலை சுற்றுகிறவர் பையில் கையை விட்டு எதையாவது எடுத்து நீட்டிவிடுவார். போனை எடுத்து, க்யூஆர் கட்டத்துக்கு நேராகப் பிடித்து, ரகசிய எண்ணை அழுத்தும்படி அவரிடம் சொல்வது வேறு காரியம்.

பார்க்கிங்கை நடத்துவது மலைப் பெண்களின் மகளிர் குழு. நான் ஒன்றிய அலுவலகத்தில் கணினி வேலை பார்க்கிறவள். ஊர் கீழே நாமக்கல் பக்கம். எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். எதைச் செய்தாலும் முதலில் பட்டியல் போட்டுக்கொள்வேன். பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் அடிக்கும்போது கிடைக்கும் நிம்மதி எனக்குக் காப்பியில்கூடக் கிடைப்பதில்லை. ஆகவே, பார்க்கிங்கில் ரொக்கத்தை நிறுத்திவிட்டு க்யூஆர் கோடு வைக்கும் வேலை என்னிடம் வந்தபோது எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம்.

வேலையோடு ஒரு நிபந்தனையும் வந்தது. முன்பு அந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் மறுபடியும் கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் கார்டில் பணம் வாங்கும் கையடக்க மெஷின் இருந்தது. சில்லறைத் தகராறு பற்றி அலுவலகத்துக்குப் புகார்கள் வந்தபடி இருந்தன. எங்கள் அதிகாரி ஒரு முடிவு சொன்னார்: "வர்ற ஞாயித்துக்கிழமை நான் நேர்ல வர்றேன். அன்னைக்கு ஒரு நோட்டு, ஒரு காசு கை மாறக்கூடாது. நடத்திக் காட்டினா கேட் குழுகிட்டயே இருக்கும். இல்லேன்னா குத்தகைக்கு விட்டுரலாம்."

இதைக் குழுத் தலைவியிடம் சொன்னேன். அவர் மலையில் உள்ள வாழவந்தி நாட்டுக்காரர்; இங்கே ஊர்த் தொகுதிகளுக்கு நாடு என்று பெயர். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். நான் அக்கா என்பேன், அவர் என்னைக் கண்ணு என்பார். கேட்டுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி, ஒரு மேஜை, மேஜைக்கடியில் நீல நிறத் தகரப் பெட்டி ஒன்று. பழைய டிக்கெட் புத்தகங்கள், விசில், தொப்பி எல்லாம் அதற்குள்தான் இருக்கும். அக்கா காலால் அந்தப் பெட்டியை லேசாகத் தட்டினார்.

"இது எம்புள்ள ஆஸ்டலுக்குக் கொண்டுபோன பொட்டி கண்ணு. நானும் அவிங்கப்பனும் வருசாவருசம் கீழ செங்கச் சூளைக்குப் போயிருவோம், புள்ள ஆஸ்டல்ல கெடக்கும். இந்த கேட்டு வந்ததுக்கப்பறந்தான் நான் ஊட்டுல இருக்கறேன், புள்ள ஊட்டுல இருந்து பள்ளிக்கொடத்துக்குப் போவுது. கேட்டு போச்சுன்னா இந்தப் பொட்டியக் காலி பண்ணி மறுபடி அவகிட்டக் குடுக்கோணும்."

"போகாதுக்கா. நான் பட்டியல் போட்டிருக்கேன்."

"அப்பச் சரி," என்றார். என் பட்டியலை அவ்வளவு நம்பியவர்கள் என் வீட்டில்கூடக் கிடையாது.

வங்கியிலிருந்து ஒரு பெரிய தாளில் அச்சடித்த க்யூஆர் கோடும் பணம் வந்தால் வாய்விட்டுச் சொல்லும் ஒரு சவுண்டு பாக்ஸும் வந்தன. அந்தப் பேசும் பெட்டியில் ஒட்ட வேண்டிய சின்னத் தாளும் மாற்றுத் தாளும் அடுத்த வாரம் வரும் என்றார்கள். அக்காவிடம் இருந்தது பட்டன் போன். கணக்கும் அந்த எண்ணில்தான். அதனால் போனில் கோடு எடுத்துக் காட்டும் வசதி இல்லை. இருந்த ஒரே தாளை நான் பலகையில் ஒட்டினேன். லேமினேஷன் கடையில் அன்று கரண்ட் இல்லை. 'திங்கள்: லேமினேஷன்' என்று பட்டியலில் எழுதிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஒத்திகை. நான் என் போனிலிருந்து ஒரு ரூபாய் அனுப்பினேன். பெட்டி கணீரென்று பேசியது: "ஒரு ரூபாய் பெறப்பட்டது."

குழுவில் வெற்றிலை போடும் அம்மா ஒருவர் உண்டு. அரியூர் நாட்டிலிருந்து வருகிறவர், வாயில் எப்போதும் ஒரு கொத்து அடக்கியிருப்பார். அவர் பெட்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "சரிங்க சாமி," என்றார்.

"அது மிஷினும்மா. பதில் சொல்ல வேண்டியதில்லை," என்றேன்.

"இருக்கட்டுமே. மருவாதியாப் பேசுது, நாம பேசாம நிக்கறதா?"

மறுபடி ஒரு ரூபாய் அனுப்பச் சொன்னார்கள். பிறகு மறுபடி. பெட்டி பேசப் பேச அவர்கள் "ஆமாங்க", "வந்துருச்சுங்க", "நல்லா இருங்க" என்று முறை வைத்துப் பதில் சொன்னார்கள். என் கணக்கிலிருந்து ஒவ்வொரு ரூபாயாகப் போய்க்கொண்டிருக்க, நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பட்டியல் முழுக்க டிக். அன்று பஸ்ஸில் அறைக்குத் திரும்பும்போது ஒவ்வொரு வளைவிலும் எனக்குப் பரம சந்தோஷம்.

ஞாயிறு காலை நான் போய் இறங்கியபோது பார்க்கிங் திருவிழாக் கோலத்தில் இருந்தது. கேட்டில் மாவிலைத் தோரணம். பலகைக்குச் சாமந்தி மாலை. எலுமிச்சம்பழம், ஊதுபத்தி. "வா கண்ணு, ஒரு போட்டோ எடு," என்று பெண்கள் எல்லாம் பலகையைச் சுற்றி நின்றார்கள். நான் எடுத்தேன். எடுத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இந்த மலையில் புதிதாக எது வந்தாலும் பொட்டு வைப்பார்கள். அரிவாளுக்கு வைப்பார்கள், மிக்ஸிக்கு வைப்பார்கள், புது பஸ் வந்தால் முகப்பு விளக்குக்கு வைப்பார்கள். க்யூஆர் கோட்டின் மூன்று மூலைகளிலும் பெரிய சதுரங்கள் இருக்கும் அல்லவா? அந்த மூன்றின் மேலும் மஞ்சளும் சந்தனமும் குழைத்து உள்ளங்கை அகலத்துக்கு அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். அத்தனை அழகு. மூன்றும் ஒரே அளவு.

"அக்கா," என்றேன். "ஏங்க்கா அந்த இடத்துல வெச்சீங்க?"

"அவிங்களே பொட்டு வெக்கக் கட்டம் போட்டுக் குடுத்திருக்காங்களே கண்ணு. மூணு மூலைலயும் எடுப்பா இருந்துச்சு."

"நாலாவது மூலைல மட்டும் கட்டமே இல்லீங்க," என்றார் வெற்றிலை அம்மா. "அது ஏன்னுதான் விடியாலருந்து எங்களுக்குள்ள பேச்சு. நாங்களும் அங்க வெக்கல."

அந்த மூன்று சதுரங்களும்தான் கோட்டுக்குக் கண். அவற்றைப் பார்த்துத்தான் போன் எது மேல், எது கீழ் என்று தெரிந்துகொள்ளும். கண்ணை மூடிவிட்டால் மீதி எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதற்கு ஒன்றும் தெரியாது. இதை நான் விளக்கி முடிப்பதற்குள் சேலத்திலிருந்து முதல் கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் போனை நீட்டினார். சாய்த்தார். பின்னால் போனார். முன்னால் வந்தார்.

"எடுக்கலீங்களே. இந்தாங்க, கையில புடிங்க," என்று ஒரு நோட்டை நீட்டினார்.

அக்கா சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "வாங்க மாட்டோமுங்க. கொஞ்சம் பொறுங்க."

அவருக்குப் பின்னால் இன்னொரு கார், அதன் பின்னால் ஒரு வேன். எல்லோரும் இறங்கி வந்து போனை நீட்டினார்கள். யார் போனிலும் எடுக்கவில்லை. நீட்டப்படுகிற நோட்டுகளுக்கு நடுவில் எங்கள் பெண்கள் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றது, பள்ளிக்கூடத்தில் தண்டனை பெற்றவர்கள் மாதிரி இருந்தது.

பழைய குத்தகைக்காரர் காலையிலேயே தன் காரை உள்ளே விட்டுவிட்டு, எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "என்னக்கா, பார்க்கிங்கா கோயிலா?" என்று அங்கிருந்தே கேட்டார். "தீபாராதனை எப்ப? சொன்னா நானும் வந்து கண்ணுல ஒத்திக்குவேன்!"

"உங்களுக்குத் திருநூறு மட்டுந்தானுங்ணா," என்றார் வெற்றிலை அம்மா.

அந்த நேரம் பார்த்து, வேனிலிருந்து தள்ளாடி இறங்கிய ஒரு பெரியவர் மாலை போட்ட பலகையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். பலகைக்கு முன்னால் ஒரு நாணயத்தை வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, அருவிப் பக்கம் நடந்தார்.

குத்தகைக்காரர் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தார். "காசு வந்துருச்சு! எல்லாரும் பாத்துக்குங்க, ரொக்கம் வாங்கிட்டாங்க!"

"அது காணிக்கைங்க!" என்று அக்கா கத்தினார்.

"காசு காசுதான்!"

அக்கா ஊதுபத்தி அட்டையால் அந்த நாணயத்தைக் கை படாமல் அள்ளி எடுத்துக்கொண்டு பெரியவருக்குப் பின்னால் ஓடினார். "ஏனுங்க! ஏனுங்க அய்யா! உங்க காசுங்க!" பெரியவர் திரும்பிப் பார்த்து, "சாமிக்குப் போட்டதைத் திருப்பி வாங்கினா ஆகுமா?" என்று வேகமாக நடந்தார். அக்காவும் வேகமாக நடந்தார். இருவரும் படிக்கட்டு ஆரம்பிக்கிற இடம்வரை ஓட்டமும் நடையுமாகப் போனதை வரிசையில் நின்றவர்கள் ஆரவாரத்தோடு பார்த்தார்கள். கடைசியில், "அது சாமி இல்லீங்க, பேங்க்குங்க," என்று அக்கா சொன்ன பிறகுதான் அவர் வாங்கிக்கொண்டார்.

இதற்கிடையில் நான் ஈரத்துணியால் ஒரு மூலையைத் துடைத்துப் பார்த்தேன். பொட்டோடு சேர்ந்து தாளின் கருப்பும் தோல் மாதிரி உரிந்து வந்தது. லேமினேஷன் திங்கட்கிழமை என்று எழுதியவளை நான் மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். வெற்றிலை அம்மா, "வெள்ளதான வேணும்? இரு கண்ணு," என்று தன் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து, மஞ்சள் கறையின் மேல் ஒரு விரல் தடவினார். எல்லோர் கண் முன்னாலும் அந்த இடம் ரத்தச் சிவப்பானது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் வேறென்ன ஆகும்? ஆரத்தி கரைக்கத் தெரிந்த அத்தனை பேருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

"ஆரத்தியும் ஆச்சு!" என்றார் பெஞ்சில் இருந்தவர்.

வரிசையில் நின்ற சேலத்துக்காரர் முதலில் சிரித்தார். பிறகு அவர் மனைவி. பிறகு வேன் முழுக்க. வளைவுகளின் மயக்கம் தெளியாதவர்கள். ஒருவர் ஆரம்பித்தால் போதும். நானும் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு தலை லேசாகி ஒரு விஷயம் தெளிந்தது. மூலையைத் துடைக்க வேண்டாம். புதிதாக வரைந்து மேலே ஒட்டினால் போதும். கணக்கு விவரமெல்லாம் கோட்டின் மற்ற புள்ளிகளில் இருக்கிறது. கண்கள் மூன்றும் உலகம் முழுக்க ஒரே மாதிரிதான்.

"வெள்ளைத் தாள் வேணும். கருப்பா ஏதாவது வேணும். பசை வேணும்," என்று உரக்கச் சொன்னேன். என் வாழ்நாளில் நான் போட்ட மிகச் சிறிய பட்டியல் அது.

அக்கா நீலப் பெட்டியைத் திறந்து பழைய டிக்கெட் புத்தகத்தை எடுத்தார். ரொக்கத்துக்குக் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டுகள். பின்பக்கம் வெறும் வெள்ளை. சேலத்துக்காரரின் மனைவி இடுப்பில் குழந்தை வைத்திருந்தார். குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. "கண் மை இருக்குங்க, ஆகுமா?" என்று பையிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தார். டீக்கடையில் மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. ஒரு துண்டை மசித்தால் அதைவிட நல்ல பசை எந்தக் கடையிலும் கிடையாது.

கோட்டில் உள்ள ஒரு சின்னப் புள்ளியின் அகலத்துக்கு விளக்குமாற்றுக் குச்சியை ஒடித்துக்கொண்டேன். அதுதான் அளவு. ஒரு பங்கு கருப்பு, ஒரு பங்கு வெள்ளை, மூன்று பங்கு கருப்பு, மறுபடி ஒரு பங்கு வெள்ளை, ஒரு பங்கு கருப்பு. குறுக்கேயும் நெடுக்கேயும் அப்படியே. டிக்கெட்டின் முதுகில் பென்சிலால் கோடு போட்டு அக்காவிடம் காட்டினேன்.

"புரிஞ்சுது கண்ணு. வெளிய மதிலு, உள்ள சுத்தியும் வாசலு, நடுவுல ஊடு."

"அதேதான்க்கா. வாசல்ல கருப்பு விழக்கூடாது."

"வாசலக் கூட்டித்தான வெச்சிருக்கறோம்," என்று சொல்லி, குச்சி நுனியில் மையைத் தொட்டு மதிலைக் கட்ட ஆரம்பித்தார். கோடு பிசகவில்லை. நான் இரண்டாவதை வரைந்தேன். மூன்றாவதை வெற்றிலை அம்மா பிடுங்கிக்கொண்டார். அவருடைய வீடு கொஞ்சம் கிழக்கே சாய்ந்திருந்தது. வாயில் வெற்றிலையோடு, "காத்தாடட்டும்னு உட்டுருக்கேன்," என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் எங்கள் தோள்களுக்கு மேலே எட்டிப் பார்த்து யோசனை சொன்னார்கள். கோபப்படுவதை எப்போதோ மறந்துவிட்டார்கள்.

கிழங்குப் பசை தடவி மூன்றையும் மூலைகளில் ஒட்டினோம். குத்தகைக்காரர் டீ கிளாஸோடு எழுந்து வந்தார்.

"ஏம்மா, இது என்ன பள்ளிக்கொடத்துப் புராஜெக்டா? கண் மைக்கும் கெழங்குக்கும் பேங்க்ல பணம் போயிருமா?"

"உங்க போனு நல்ல போனுங்களே," என்றார் அக்கா. "நீங்களே பாத்துச் சொல்லுங்ணா."

"பாக்கறேன். எல்லாரும் பாருங்க. எடுக்காது." போனை நீட்டினார். ஒரு நொடி. திரை மாறியது. குழுவின் பெயர் வந்தது. அவர் முகம் கொஞ்சம் மாறியது.

"பேரு வந்தா ஆச்சா?" என்றார். "பணம் போகோணுமில்ல? போகாது. இப்பப் பாருங்க." கட்டணத்தை அடித்தார். ரகசிய எண்ணை நான்கு குத்தாகக் குத்தினார்.

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தோம். இங்கே சிக்னல் மரக்கிளைகளுக்கு நடுவில் நுழைந்து நுழைந்து வரும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். குழந்தை மட்டும் ஏதோ சொன்னது. பிறகு, கணீரென்று:

"முப்பது ரூபாய் பெறப்பட்டது."

"சரிங்க சாமி!" என்று எங்கள் பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். வேனில் வந்தவர்களும் சேர்ந்து சொன்னார்கள். விசில் பறந்தது. சேலத்துக்காரர் குழந்தையைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். அக்கா குத்தகைக்காரரைப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, மரியாதையோடு சொன்னார்: "காலைல உட்ட உங்க காருக்குச் சரியாப் போச்சுங்ணா."

அவர் போனைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மூன்று மூலைகளையும் பார்த்தார். "சாஞ்ச மூலையும் வேல செய்யுதே," என்று மட்டும் சொல்லிவிட்டு டீக்கடைக்குத் திரும்பினார்.

அதன் பிறகு வரிசை ஓடியது. ஒவ்வொருவரும் தாங்களே வரைந்தது போன்ற பெருமையோடு போனை நீட்டினார்கள். ஒருவரிடம் பட்டன் போன் மட்டுமே இருந்தது. அவருக்குப் பின்னால் வந்தவர் அவருக்கும் சேர்த்துச் செலுத்தினார். பட்டன் போன்காரர் பதிலுக்கு அவரிடம் நோட்டை நீட்டியபோது, "கேட்டுக்கு வெளிய போய்க் குடுத்துக்கங்க சாமி, இங்க வேண்டாம்," என்று அக்கா இருவரையும் தள்ளிக்கொண்டு போய்ச் சாலையில் விட்டார்.

அதிகாரியின் ஜீப் வந்தபோது நாங்கள் முகத்தைச் சரி செய்துகொண்டோம். ஓட்டுநர் பழக்கதோஷத்தில் ஜன்னல் வழியாக ஒரு நோட்டை நீட்டினார். அக்காவின் கைகள் முதுகுக்குப் போயின. "ஆபீஸ் ஜீப்புக்குமா?" என்று அதிகாரி கேட்டார். "எல்லாத்துக்கும்தானுங்க சார்," என்றார் அக்கா. அதிகாரி இறங்கி வந்து தன் போனை நீட்டினார். பெட்டி பேசியது. சுற்றி நின்றவர்கள் காலையிலிருந்து செய்ததுபோலவே கைதட்டினார்கள். கைதட்டல் தனக்கென்று நினைத்து அவர் கையை உயர்த்தினார். நான் தரையைப் பார்த்தேன். தரையைப் பார்த்துச் சிரிப்பது வெளியே தெரியாது.

"ஏதாவது பிரச்சினை?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க சார். பொட்டுதான் கொஞ்சம் பெருசாப் போச்சு," என்றார் அக்கா.

அதிகாரி பலகைக்கு அருகில் போய்க் குனிந்து பார்த்தார். மையை, டிக்கெட் தாளின் ஓரத்தை, கிழங்கை. எறும்பு ஒன்று கிழங்கைத் தேடி வந்திருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, "ரொக்கம் எதுவும் வாங்கினாங்களா?" என்று கேட்டார்.

குத்தகைக்காரர் கிளாஸைக் கீழே வைத்தார். அக்காவின் கைகள் இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன. விரல்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டிருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

"ஒரே ஒரு காசு வந்துச்சுங்க," என்றார் அவர். "அதையும் தொரத்திப் போயித் திருப்பிக் குடுத்துட்டாங்க. எங்கிட்டயே வசூல் பண்ணிட்டாங்க சார், அப்பறம் என்ன?"

அதிகாரி சிரித்தார். "அப்போ கேட் இவங்ககிட்டயே இருக்கட்டும். நாளைக்கு ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுருங்க."

ஜீப் போன பிறகு, அக்கா குனிந்து மீதி டிக்கெட் புத்தகத்தை நீலப் பெட்டிக்குள் வைத்தார். விசிலை வைத்தார். மை டப்பாவைக் குழந்தையின் அம்மாவிடம் கொடுக்கப் போனபோது, "வெச்சுக்குங்க, தேவைப்படும்," என்றார் அவர். அதையும் உள்ளே வைத்தார். பெட்டியை மூடி, காலால் மேஜைக்கடியில் ஆழமாகத் தள்ளினார். பிறகுதான் தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டு, கீழே பஸ் ஸ்டாப்புக்கே கேட்கும்படி சிரித்தார்.

அடுத்த வாரம் புதுத் தாள் வந்தது. இந்த முறை லேமினேஷனை முடித்துக்கொண்டே மலையேறினேன். பலகையில் மாட்டியதும் வெற்றிலை அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார். மற்றவர்களும் நின்றார்கள். புதுப் பொருளுக்குப் பொட்டு இல்லாமல் கேட்டைத் திறக்கச் சொன்னால் திறப்பார்கள், முகம்தான் திறக்காது.

கோட்டில் கொஞ்சம் மறைந்தாலும் போன் படித்துவிடும். எவ்வளவு மறையலாம், எந்த இடத்தில் மறையலாம் என்று அங்கேயே உட்கார்ந்து, துண்டுக் காகிதத்தை வெட்டி வைத்துப் பார்த்தேன். பிறகு எழுந்து, கண் இல்லாத அந்த நாலாவது மூலையில் விரலை வைத்தேன்.

"இங்க. சுண்டு விரல் நுனி அளவுக்கு, ஒண்ணே ஒண்ணு."

வெற்றிலை அம்மா குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அளவாக ஒரு பொட்டு வைத்தார். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

"நாந்தான் அன்னைக்கே கேட்டனே," என்றார். "இந்த ஒரு மூலைய எதுக்குச் சும்மா உட்டுருக்காங்கன்னு."